முழங்கால் கொப்பி

இராகுலனின் இடது முழங்காலுக்குத் தனியாக ஒரு கொப்பி இருந்தது. லிங்கநகரில் சாதகக் கொப்பி இல்லாத வீடு குறைவு. ஆனால் முழங்காலுக்குக் கொப்பி வைத்திருந்த வீடு அது ஒன்றுதான். திகதி, அளவு, மருந்து போட்டதா இல்லையா என்று மூன்று கோடு அடித்து, மனைவி குணேஸ்வரி பன்னிரண்டு வருடமாக எழுதி வந்தாள்.

பிறந்ததிலிருந்தே அவனுக்கு இரத்தம் உறையாத வருத்தம். தையல்காரனுக்கு இப்படி ஒரு வருத்தமா என்று கேட்காதவர்கள் இல்லை. ஊசி குத்தினால் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவன் பாட்டுக்கு மற்றக் கையால் வேலையைப் பார்ப்பான். அவனுடைய பயம் ஊசியிலோ கத்தரிக்கோலிலோ இல்லை. ஒரு காரணமும் இல்லாமல் முழங்காலுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். வெளியில் ஒரு சொட்டும் தெரியாது. மூட்டு மட்டும் பலாக்காய் மாதிரி வீங்கிவிடும். அப்போது பெக்டர் என்கிற மருந்தை நரம்பில் ஏற்றினால் கசிவு நிற்கும். கிளினிக்கில் பழகி, குணேஸ்வரியே அதை வீட்டில் ஏற்றுவாள். அவசரத்துக்கென்று கொடுத்த இரண்டு குப்பிகள், பிரிட்ஜில் சம்பல் கோப்பைக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும்.

ஆனால் அவனுக்கு இருந்தது ஒரு நோ அல்ல, இரண்டு. ஒன்று இரத்தம் கசிகிற நோ. மற்றது, சின்ன வயதிலிருந்து கசிந்து கசிந்து தேய்ந்துபோன மூட்டின் பழைய நோ. முதலாவதுக்குக் காலை அசைக்கக் கூடாது. ஐஸ் வைத்து, மருந்து ஏற்றிப் படுக்க வேண்டும். இரண்டாவதுக்குப் படுக்கவே கூடாது. மெல்ல மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். அதனால்தான் தையல் மெசினை மிதிப்பதை விடவேண்டாம், அளவோடு மிதியுங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஒன்றுக்குச் செய்வதை மற்றதுக்குச் செய்தால் கால் கெட்டுப்போகும். கஷ்டம் என்னவென்றால், வருகிறபோது இரண்டும் ஒரே முகத்தோடுதான் வரும். அதற்காகத்தான் அளப்பது. சும்மா நாட்களில் முழங்கால் பதினைந்து அங்குலம். கசிந்தால் பதினாறு, பதினாறரை. மருந்து போனதும் பழையபடி பதினைந்துக்கு வந்துவிடும். "என்ட கால் எங்க போனாலும் பதினைஞ்சுக்குத் திரும்பி வந்திடும்" என்று இராகுலன் பெருமை அடிப்பான். அந்தக் கால் எங்கே போயிருக்கிறது? பெரியாஸ்பத்திரிக்கும் கோணேசர் கோயிலடிக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை.

அந்த வருடம் நோன்புப் பெருநாளும் சித்திரை வருடப்பிறப்பும் இரண்டு கிழமை இடைவெளியில் வந்தன. விறாந்தையில் துணி மூட்டை மூட்டையாகக் குவிந்தது. கிண்ணியாவில் அவனுக்குப் பழைய வாடிக்கை அதிகம். ஆமினா உம்மா அவர்களில் முதல் ஆள். பாலம் வருவதற்கு முன்னால், பாதை என்கிற மிதவைப் படகில் கடல் கடந்து வந்து தைத்துப் போன குடும்பம். அளவெல்லாம் அளவுப் புத்தகத்தில் இருந்தபடியால் இப்போது ஆள் வருவதில்லை. மகன் ரிஷாத் சீனன்குடாவில் வேலை முடிந்து வந்து துணியைப் போட்டுவிட்டுப் போவான்.

கடல் அசையாமல் கிடந்த மாதம். மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழ் இருப்பதும் பேக்கரிப் போறணைக்குள் இருப்பதும் ஒன்றுதான். இராகுலனின் அளவுநாடா வியர்வையில் ஊறி ஊறி, இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் எண் எல்லாம் அழிந்து போயிருந்தது. எட்டா மூன்றா என்று தெரியாமல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இதைப் பார்க்கச் சகிக்காமல் குணேஸ்வரி செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனபோது மஞ்சள் நிறத்தில் ஒரு புது நாடா வாங்கி வந்தாள். அன்றைக்கே கிண்ணியாத் துணிகள் முழுவதையும் அந்த நாடாவால் வெட்டி முடித்தான். ஒன்பது மணித்தியாலம் நின்றும் மிதித்தும் வேலை செய்தான்.

மறுநாள் காலை முழங்கால் மடங்கவில்லை.

புட்டு அவித்துக்கொண்டிருந்த குணேஸ்வரி, அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாடாவைச் சுற்றினாள். பதினைந்தரை.

"இது இரத்தம் ஊறுற நோ இல்லையப்பா" என்றான் இராகுலன். "ஊறேக்க உள்ளுக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இது விறைச்சுக் கிடக்கு. பத்தடி நடந்தா இளகிற மாதிரியும் இருக்கு."

"அப்ப நாடா பொய் சொல்லுதோ?"

"நாடா என்னண்டு பொய் சொல்லும்" என்று அவனே ஒத்துக்கொண்டான்.

வேறு தொழில் செய்கிறவனாக இருந்தால் தன் உடம்பு சொன்னதைக் கொஞ்சமாவது கேட்டிருப்பான். இருபது வருடமாக வாடிக்கைக்காரர் சொல்லுவதை நம்பாமல் நாடா சொல்லுவதை நம்பிப் பழகியவன் இவன். 'எனக்கு இடுப்பு முப்பத்திரண்டுதான்' என்று எத்தனை பேர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பார்கள். நாடா முப்பத்தாறு என்றால் முப்பத்தாறுதான். முதலாவது குப்பி போனது. காலைத் தலையணையில் தூக்கி வைத்து, துவாயில் சுற்றிய ஐஸ் பையை முழங்காலில் வைத்து, வேலை இல்லாமல் கிடந்த பழைய நாடாவால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள் குணேஸ்வரி. வெட்டி வைத்த துணிகளை அவளே மிதித்துத் தைத்தாள். பனடோலைத் தவிர வேறு நோ மாத்திரை தொடக்கூடாது என்று உத்தரவு. அதுவும் பெரிதாகக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அளந்தாள். பதினைந்தரை.

அவள் கிளினிக்குக்குப் போன் எடுத்தாள். தாதி பொறுமையான மனிசி. கால் சுடுகிறதா என்று கேட்டாள். குணேஸ்வரி தொட்டுப் பார்த்தாள். ஐஸ் வைத்த கால் எப்படிச் சுடும்? ஐஸ்கட்டி மாதிரித்தான் இருந்தது. மடங்குகிறதா என்று கேட்டாள். இரண்டு நாள் நீட்டியே கிடந்த கால் இன்னும் இறுகிப் போயிருந்தது. அளவு என்ன என்று கேட்டாள். அந்த ஒன்றுக்குத்தான் குணேஸ்வரியால் திடமாகப் பதில் சொல்ல முடிந்தது. இரண்டாவது குப்பியையும் ஏற்றச் சொன்னாள் தாதி. பிரிட்ஜில் இப்போது சம்பல் கோப்பை மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் பதினைந்தரை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாடாவை இறுக்கிப் பிடித்து அளந்தாள், இளக்கிப் பிடித்து அளந்தாள். இருக்க வைத்து அளந்தாள், படுக்க வைத்து அளந்தாள். கண்ணை மூடி முருகனை நினைத்துக்கொண்டும் ஒரு தடவை அளந்தாள்.

திரும்பவும் போன் எடுத்தபோது தாதி எல்லா அளவையும் திகதியோடு ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"தங்கச்சி, பயப்பிடாதீங்கோ. சில பேருக்கு உடம்பே இந்த மருந்தை எதிர்க்கத் துவங்கும். அப்பிடி எண்டால் எவ்வளவு ஏத்தினாலும் வேலை செய்யாது. இரத்தத்தைச் சோதிச்சால்தான் தெரியும். கொழும்புக்குக் கடிதம் தாறன்."

"அப்பிடி எண்டால் பிறகு என்ன மருந்து மிஸ்?"

"வேற மருந்து இருக்கு. ஆனால் லேசில கிடைக்காது. முதல் சோதிப்பம்."

போனை வைத்துவிட்டு அவள் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினாள். சமையலுக்குத் தேங்காய் தேவைப்படவில்லை. முழுத் தேங்காயையும் துருவி முடித்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. பன்னிரண்டு வருடமாக எந்த இரத்தம் வந்தாலும் மருந்து நிறுத்திவிடும் என்ற ஒரு நம்பிக்கையில்தான் அந்த வீடு நின்றது. இனிமேல் விழுந்தால் என்ன செய்வது, பல்லுக் கழற்றினால் என்ன செய்வது, தலையில் அடிபட்டால் என்ன செய்வது? ஒன்றும் புரியவில்லை. அதைவிட விளங்காதது, வீங்கிய கால் வீக்கமாகத் தெரியாததுதான். பார்த்தால் எப்போதும் போல இருந்தது. அளந்தால் அரை அங்குலம் கூட. தன் கண் பழுதோ, கை பழுதோ, அவனுடைய இரத்தம்தான் பழுதோ என்று நினைத்து நினைத்து அவளுக்குத் தலை இடித்தது.

பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம், புதன்கிழமை விடியக் காலை தன் ஓட்டோவில் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. ஆண்டாங்குளத்தில் ஒரு பரியாரி இருக்கிறார், எண்ணெய் போட்டு மூன்று நாள் நீவினால் கொழும்பெல்லாம் தேவைப்படாது என்றார்.

"அண்ணை, எனக்கு ஒம்பது வயசில அப்பிடி ஒருத்தர் நீவித்தான் இந்தக் கால் இப்பிடி வந்தது" என்றான் இராகுலன். பாக்கியரத்தினம் அப்புறம் வெயிலைப் பற்றிக் கதைத்தார்.

பெருநாள் திங்கட்கிழமை. செவ்வாய் பின்னேரம், கொழும்புக்குப் போக உடுப்புப் பை கட்டி முடிகிற நேரத்தில் ஆமினா உம்மா வந்து இறங்கினார். வருடக்கணக்கில் இந்தப் பக்கம் வராத மனிசி. ஒரு கையில் வட்டிலப்பச் சட்டி, மறு கையில் துணிப் பை. சட்டியைக் குணேஸ்வரியிடம் கொடுத்தார். இராகுலனின் காலைப் பார்த்து, அல்லாஹ் லேசாக்குவான் என்று சொன்னார். கதிரையில் இருந்து தண்ணீர் குடித்தார். மரியாதை எல்லாம் முடிந்த பிறகுதான் பையைத் திறந்தார்.

"புள்ள, சொல்லக் கூடாதெண்டுதான் இருந்தன். பெருநாளும் அதுவுமா இந்தச் சட்டைக்குள்ள என்னால மூச்செடுக்க ஏலாமப் போச்சி. ரிஷாத்துட காச்சட்டையும் அப்பிடித்தான். மருமகள் றம்லா அழுதுட்டு பழசையே உடுத்தா."

குணேஸ்வரிக்கு முகம் சுருங்கிப் போனது. தைத்தது அவள். அவசரத்தில் தையலை உள்ளே தள்ளி ஓட்டிவிட்டேன் போல என்று மன்னிப்புக் கேட்டாள். இராகுலன் படுத்தபடியே சட்டையை வாங்கி உட்புறம் திருப்பிப் பார்த்தான். தையல் கோடு பிசகவில்லை. பெருநாள் சாப்பாட்டுக்குச் சதை கொஞ்சம் வைத்திருக்கும் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"என்ன கதை மகன் இது? முப்பது நோன்பும் புடிச்சி நான் மெலிஞ்சி போயிரிக்கன். வளையல் கழண்டு விழுது, சட்டை மட்டும் இறுக்குதா?"

அவன் புது நாடாவை எடுத்துச் சட்டையின் மார்பை அளந்தான். முப்பத்தாறு. அளவுப் புத்தகத்தைப் புரட்டச் சொன்னான். முப்பத்தாறு. எல்லாம் சரி. சட்டை சரி, புத்தகம் சரி, தையல் சரி. ஆள் மெலிவு. ஆனால் இறுக்குகிறது. ஒரு கிழமையாக முழங்காலில் நடந்த அதே மாயம் இப்போது சட்டையிலும் நடந்தது.

ஆமினா உம்மா பைக்குள் இருந்து இன்னொரு சட்டையை எடுத்தார். போன வருடம் அவன் தைத்தது. "இது நல்ல அளவு. இதப் போலத் தச்சித் தந்தாப் போதும்."

இராகுலன் அதையும் விரித்து அளந்தான். முப்பத்தேழு.

திரும்ப அளந்தான். முப்பத்தேழுதான். போன வருடம் முப்பத்தாறு என்று எழுதி, முப்பத்தாறாக வெட்டின சட்டை. ஆள் சதை வைக்கலாம், மெலியலாம். அலுமாரிக்குள் மடித்து வைத்த சட்டை எப்படி ஒரு அங்குலம் கொழுக்கும்?

அவன் சட்டையைப் பார்த்தான். பிறகு கையில் இருந்த மஞ்சள் நாடாவைப் பார்த்தான். பிறகு தன் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டியிருந்த பழைய நாடாவைப் பார்த்தான்.

"குணேஸ், இதை அவிழும்."

"ஐஸ் வச்சுப் பத்து நிமிசம் ஆகேல்லை."

"அவிழும் எண்டுறன்."

வெட்டு மேசையில் இரண்டு நாடாக்களையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நீட்டிப் பிடிக்கச் சொன்னான். தொடக்கம் இரண்டையும் ஒட்டி வைத்தாள். விரலால் தடவிக்கொண்டே மறு முனைக்குப் போனாள். அறுபதில் புதியது முடிந்தது. பழையது அதைத் தாண்டி இன்னும் ஒன்றேமுக்கால் அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது.

துணி நாடா இழுபட்டு நீளும் என்பது தையல் பழக வந்த முதலாம் மாதத்தில் சொல்லிக் கொடுக்கிற விசயம். அதை இராகுலனே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான். தன் கழுத்தில் தொங்கியதை மட்டும் அவன் பார்க்கவில்லை. பழைய நாடாவால் ஆளை அளந்து, அதே நாடாவால் துணியை வெட்டியபோது பிசகே வரவில்லை. பழைய நாடாவின் எண்ணைப் புதிய நாடாவால் வெட்டியபோதுதான் கிண்ணியா முழுக்க மூச்சு முட்டியது.

குணேஸ்வரி பழைய நாடாவை அவனுடைய முழங்காலில் சுற்றினாள். அவசரத்தில் இரண்டு தடவை வழுகியது. பதினைந்து. நூல் பிசகாமல் பதினைந்து.

கால் வீங்கவே இல்லை. மருந்து தோற்கவே இல்லை. அது போய் நிறுத்துவதற்கு உள்ளே இரத்தமே கசியவில்லை. பெருநாள் வேலையில் மிதித்து மிதித்து நொந்துபோன தேய்ந்த மூட்டை, நடக்க நடக்க இளகும் என்று அது கெஞ்சக் கெஞ்ச, ஒரு கிழமை கட்டிப் போட்டு ஐஸில் விறைக்க வைத்திருக்கிறார்கள். அருமந்த இரண்டு குப்பி மருந்தையும் வீணாக்கியாயிற்று. குணேஸ்வரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான்தானே இந்த நாடாவை வாங்கி வந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆமினா உம்மாவுக்கு இதில் பாதிதான் விளங்கியது. தன் சட்டையால் ஏதோ நல்லது நடந்துவிட்டது என்பது மட்டும் விளங்கி, எழும்பிப் போய்க் குணேஸ்வரியின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

போனில் தாதிக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை அவளும் சிரித்தாள். ஐஸை எடுத்துவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தொட்டுப் பாருங்கள் என்றாள். சுடவில்லை. எறும்பு ஊரவில்லை. கொழும்பு இப்போதைக்கு வேண்டாம், நாளைக் காலை இங்கே கிளினிக்குக்கு வாருங்கள், டொக்டர் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும், குப்பிக்கும் ஏற்பாடு செய்வோம் என்றாள். அதுவரை மெல்ல மெல்ல அசைக்கச் சொன்னாள்.

அவன் மேசையைப் பிடித்து எழும்பினான். முதல் அடியில் கண்ணில் தண்ணீர் வந்தது. விறாந்தையின் இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் நடந்தான். ஆறாவது சுற்றில் கால் கொஞ்சம் இளகியது. பாக்கியரத்தினம் தன் ஓட்டோவுக்குள் இருந்தபடியே எட்டிப் பார்த்து, கொழும்புப் பயணம் நின்றதைக் கேட்டு, நான் அப்பவே சொன்னேன்தானே என்றார். அவர் அப்போது சொன்னது எண்ணெய்.

ஆமினா உம்மாவை வழியனுப்பிவிட்டு, விளக்கு வைத்து, ஆளுக்கொரு துண்டு வட்டிலப்பம் சாப்பிட்டார்கள். பிறகு குணேஸ்வரி முழங்கால் கொப்பியை எடுத்தாள். இந்தக் கிழமை எழுதின பதினைந்தரைகள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் பதினைந்து என்று எழுத நினைத்தாள். அந்தச் சந்தோசத்தில், பழைய பக்கங்களையும் ஒருக்கால் பார்த்து வைப்போம் என்று பின்னால் புரட்டிக்கொண்டு போனாள். பதினைந்து, பதினைந்து, நடுவில் ஒரு பதினாறு, மீண்டும் பதினைந்து. முதலாம் பக்கம் வந்தது. கலியாணம் முடித்த இரண்டாம் மாதம். அங்கேயும் பதினைந்துதான்.

அந்தப் பழைய நாடாவை வாங்கியதும் அதே மாதம்தான். கடையில் அவளும் நின்றாள். அன்றைக்கு அது புது நாடா.

பேனை அப்படியே நின்றது. புது நாடாவில் பதினைந்து. நீண்டுபோன நாடாவிலும் பதினைந்து. பன்னிரண்டு வருடத்தில் நாடா கொஞ்சம் கொஞ்சமாக நீள, முழங்காலும் அதோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது. எண் மட்டும் அசையவில்லை. கால் திரும்பி வருகிறது, திரும்பி வருகிறது என்று இருவரும் நம்பியிருந்தார்கள். அது ஒரு தடவைகூட முழுதாகத் திரும்பி வந்ததில்லை.

பின்னேரம் வந்த சந்தோசத்தைத் திருப்பிக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொப்பியை மெல்ல மூடப் பார்த்தாள்.

"மூட வேண்டாம்" என்றான் இராகுலன். அவன் மெசினுக்கு முன்னால், மிதிகட்டையில் காலை வைத்துக்கொண்டு இருந்தான். "எனக்கும் விளங்கினதுதான். நாடாவை நீட்டிப் பிடிக்கேக்கயே விளங்கிப் போச்சு."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீர் சிரிச்சுக்கொண்டிருந்தனீர்."

அவன் பழைய நாடாவை எடுத்து, சுருட்டி, அளவுப் புத்தகத்துக்கு மேல் வைத்தான். ஆமினா உம்மாவின் சட்டையை அதனால் அளந்து புதிதாக வெட்டித் தைக்க வேண்டும்.

"ஆக்கள்ட அளவுக்குப் பழசு இருக்கட்டும். அவையின்ர அளவெல்லாம் அதிலதானே இருக்கு. காலுக்கு இனிப் புதுசு" என்றான். "பதினைஞ்சரை எண்டு எழுதும் குணேஸ். இனி அதிலயிருந்து பாப்பம்."

அவள் இன்றைய திகதியைப் போட்டு எழுதினாள். எழுதின மை காய்கிறதற்கிடையில் அவன் மிதித்துப் பார்த்தான். மெசின் ஒரு தடவை கிறீச்சிட்டது, நின்றது, பிறகு ஓடியது. ஊசியில் நூலும் இல்லை, கீழே துணியும் இல்லை. அவள் போதும் என்று சொல்லும்வரை, அளவோடு, மிதித்துக்கொண்டிருந்தான்.